ஹால் டிக்கெட்டுக்கு வெளியே ஒரு முகம்

சென்னையின் மேற்குப் புறநகரான திருமுல்லைவாயிலில் வளரும் ஒரு பிள்ளை பிளஸ் டூ முடிப்பதற்குள் பலமுறை யாரோ சொன்னபடி கேமரா முன்னால் உட்கார வேண்டியிருக்கிறது. பதினைந்து வயதில் ஆதாரைப் புதுப்பித்தாக வேண்டும். அங்கே ஒரு படம். பொதுத்தேர்வுக்குப் பள்ளி அனுப்பும் நாமினல் ரோலுக்கு ஒன்று. ஹால் டிக்கெட்டிலும் மதிப்பெண் சான்றிதழிலும் முகம் ஏறி ஆயுளுக்கும் கூடவே வரும். நீட் எழுதுகிறவர்கள் வெள்ளைப் பின்னணியில், காது தெரிய, முகம் எண்பது சதவீதம் நிறைய பாஸ்போர்ட் அளவில் ஒன்றும் அஞ்சலட்டை அளவில் ஒன்றுமாக எடுக்க வேண்டும். பள்ளி முடியும் தறுவாயில் குரூப் போட்டோ. பெண்பிள்ளை என்றால் இவற்றுக்கெல்லாம் முன்பே மஞ்சள் நீராட்டு விழா ஆல்பம் ஒன்று பீரோவுக்குள் போயிருக்கும். கைப்பேசியில் குவிந்து கிடப்பவை தனிக் கணக்கு. இத்தனைக்கும் பிறகு, அந்த வயதில் இவள் இப்படித்தான் இருந்தாள் என்று பிற்காலத்தில் எடுத்துக்காட்ட ஒரு படம் தேறுமா என்று கேட்டால், பெரும்பாலான வீடுகளில் தேறாது. ஒவ்வொரு படமும் வேறு யாருக்காகவோ எடுக்கப்பட்டது என்பதே அதற்குக் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் இதற்கென்றே ஒரு வழக்கமும் அதை நம்பி ஒரு தொழிலும் இருக்கின்றன. பள்ளி இறுதியாண்டு மாணவர்களை, பெரும்பாலும் அந்த ஆண்டு தொடங்குவதற்கு முந்தைய கோடையில், தனியாக அழைத்துப்போய் எடுக்கும் ‘சீனியர் போர்ட்ரெய்ட்’. வேர் பழையது. 1860-களில் பாஸ்டன் பகுதியில் தொழில் செய்த ஜார்ஜ் கென்டல் வாரன், ஒரே நெகட்டிவிலிருந்து எத்தனை பிரதி வேண்டுமானாலும் போடலாம் என்ற வசதியைக் கல்லூரிகளுக்குக் கொண்டுபோனார். மாணவர்கள் ஒருவர் படத்தை ஒருவர் வாங்கிச் சேர்த்து, பைண்டு செய்து வைத்துக்கொண்டார்கள். இன்றைய ‘இயர்புக்’ அதன் வழி வந்தது. வெகுகாலம் அதிலும் ஒரே அச்சுதான்: பையன்களுக்குக் கோட்டு, பெண்களுக்குத் தோளைச் சுற்றி ஒரு கறுப்புத் துணி. பிறகுதான் கிடார், கால்பந்துச் சீருடை, வளர்ப்பு நாய், தாத்தாவின் பழைய டிரக் எல்லாம் படத்துக்குள் வந்தன.

பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் ஒரு வேலை செய்தார்கள். 1905 முதல் 2013 வரையிலான அமெரிக்க இயர்புக்குகளிலிருந்து கேமராவை நேராகப் பார்க்கும் 37,921 முகங்களைத் திரட்டி, பத்தாண்டு பத்தாண்டாகப் பிரித்து, கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி முகம் கண்டார்கள். நூற்றாண்டின் தொடக்கத்தில் இறுகிக் கிடந்த உதடுகள் போகப் போக விரிகின்றன; பெண்களின் சிரிப்பு ஆண்களுடையதைவிட எப்போதும் ஒரு படி அதிகம். இதைப் பார்த்தபின் ஒரு சந்தேகம் வந்துவிடுகிறது. தன் இயல்பு என்று நினைத்துச் சிரித்த ஒவ்வொரு பிள்ளையும் தன் காலத்தின் சிரிப்பைத்தான் சிரித்திருக்கிறது. தனித்தன்மையைக் காட்டுவதற்கென்றே வந்த வெளிப்புறப் படங்களும் சீக்கிரமே ஓர் அச்சுக்குள் போய்விட்டன; தண்டவாளத்தில் நின்று படம் எடுக்காதீர்கள் என்று அங்குள்ள ரயில் பாதுகாப்பு அமைப்புகள் எச்சரிக்க வேண்டிய அளவுக்கு எல்லாரும் ஒரே மாதிரி ‘தனித்து’ நின்றார்கள்.

நம் பக்கம் இதற்கு நெருங்கிய உறவு பட்டமளிப்புப் படம். சென்னைப் பல்கலைக்கழகம் தொடங்கியது 1857-இல். சென்னைப் புகைப்படச் சங்கமும் ஏறத்தாழ அதே காலத்தது. அங்கி, தொங்கும் பட்டை, கையில் சுருட்டிய தாள் என்று ஸ்டூடியோவில் நின்று எடுத்த படம், பிறகு பல தலைமுறைகளுக்குத் தமிழ் வீட்டுக் கூடங்களின் அடையாளமாக இருந்தது. அங்கி ஸ்டூடியோவிலேயே வாடகைக்குக் கிடைக்கும். சுருளுக்குள் பெரும்பாலும் ஒன்றுமிருக்காது. அந்தப் படத்தில் பிள்ளையின் சுபாவத்தைத் தேட வேண்டியதில்லை. வீட்டில் முதல் பட்டதாரி என்பதுதான் அது சொன்ன செய்தி. பல குடும்பங்களில் அது ஜாதகத்தோடு சேர்ந்து பெண் வீட்டுக்கும் போய்வந்தது. பதினேழு வயதுக்கென்று இப்படி ஒரு படம் நம் மரபில் உருவாகவில்லை. அதற்கும் காரணம் எளிது. மேல்நிலைக் கல்வி தமிழ்நாட்டில் வந்ததே 1978-இல்தான். அதற்கு முன் பி.யு.சி. எனப்பட்ட புகுமுக வகுப்பு படிக்கக் கல்லூரிக்குப் போனார்கள். பள்ளியை விட்டுப் போகும் வயது என்று இன்று நாம் நினைப்பதே கிட்டத்தட்ட அரை நூற்றாண்டுப் பழக்கம்தான்.

ஆகவே இருப்பவற்றைத்தான் பார்க்க வேண்டும்.

பாஸ்போர்ட் சைஸ் படம் 35-க்கு 45 மில்லிமீட்டர். அதில் முகம் எதையும் சொல்லாமலிருப்பதே தகுதி. சிரிக்காதே, தலையைச் சாய்க்காதே, முடியை நெற்றியிலிருந்து ஒதுக்கு. இயந்திரம் ஒப்பிடுவதற்கான முகம் அது. 2018 டிசம்பரில் இங்கிருந்து அதிக தூரமில்லாத போரூரில், ஓர் அரசுப் பள்ளியில் முகத்தைக் காட்டி வருகைப் பதிவு செய்யும் முறையைச் சோதனையாகத் தொடங்கினார்கள். அப்போதிருந்து பள்ளிக்கூடத்துக்கும் முகம் ஒரு பதிவெண் ஆகிக்கொண்டிருக்கிறது. இந்தப் படங்களைக் கிண்டல் செய்வது சுலபம். ஆதார் படத்தைக் கிண்டல் செய்யாத குடும்பமே கிடையாது. ஆனால் இலங்கையின் வடக்கைப் பார்த்தால் கிண்டல் வராது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கிய காணாமல் ஆக்கப்பட்டோர் உறவினர்களின் தொடர் போராட்டத்தில் தாய்மார் தூக்கி நிற்கும் படங்களில் பல, அடையாள அட்டைக்கோ பள்ளிக்கோ எடுத்த சிறு படங்களைப் பெரிதாக்கியவை. இடப்பெயர்வில் ஆல்பங்கள் போய்விட்டன, மிஞ்சியது அதுதான். எந்தச் சுபாவமும் தெரியக் கூடாது என்று எடுத்த படத்திலிருந்து ஒரு தாய் மகனின் முழுச் சுபாவத்தையும் படித்துக்கொள்கிறாள். முகத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பார்க்கிறவரும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறார் என்பதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குத் தெரியவில்லை.

குரூப் போட்டோவின் சட்டதிட்டம் எல்லாருக்கும் மனப்பாடம். நாற்காலியில் ஆசிரியர்கள், நடுவில் தலைமையாசிரியர், பின்னால் பெஞ்சின்மேல் உயரமானவர்கள், தரையில் குட்டையானவர்கள், முன்னால் வகுப்பும் ஆண்டும் எழுதிய பலகை. பெயர்கள் இடமிருந்து வலம். இதில் தனி ஆளுக்கு இடமில்லை என்று தள்ளிவிடத் தோன்றும். ஆனால் பழைய குரூப் போட்டோவை எடுத்து வைத்துக்கொண்டு யாராவது பேச ஆரம்பித்தால் பேச்சு நிற்பதே இல்லை. யார் யார் பக்கத்தில் நிற்க அடித்துக்கொண்டார்கள், யார் கடைசி நொடியில் கண்ணை மூடினான், யார் அன்றைக்கு வரவில்லை. 2018-இல் வந்த ‘96’ படத்துக்குப் பிறகு முன்னாள் மாணவர் சந்திப்பு எந்த ஊரிலும் ஒரு திருவிழா போலானது; அந்தச் சந்திப்புகளில் முதலில் வாட்ஸப் குழுவுக்கு வருவது இந்தப் படம்தான். (அந்தப் படத்தின் நாயகனும் புகைப்படக் கலைஞன் என்பது தற்செயலாக இருக்காது.) விறைப்பாக நின்ற முகங்களைவிட, அந்த விறைப்பிலிருந்து நழுவியவையே நினைவில் தங்கியிருக்கின்றன.

நழுவல் எல்லாமே இனிமையானதல்ல. கையில் என்ன நிறக் கயிறு கட்டியிருக்கிறான் என்பதும் அதே படத்தில் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரையும் அவர் தங்கையையும் உடன் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டிய பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டும் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைப் பள்ளிகளில் தடை செய்யும்படி 2024 ஜூனில் பரிந்துரைத்தது. பதினேழு வயதில் பிள்ளை தன் அடையாளம் என்று சொல்லிக்கொள்வதில் எவ்வளவு அவனுடையது, எவ்வளவு தெருவும் குடும்பமும் கையில் கட்டிவிட்டது என்பதைப் புகைப்படக்காரரால் பிரித்துவிட முடியாது. தன் இயல்போடு வா என்று அழைக்கும்போது எல்லாமே சேர்ந்துதான் வரும்.

மஞ்சள் நீராட்டு ஆல்பம் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. மற்றெந்தப் படத்தைவிடவும் அதிகச் செலவும் அதிக உழைப்பும் அதில்தான் இறங்குகிறது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண்ணுக்குக் கல்யாணப் பெண் போல அலங்காரம், தாய்மாமன் சீர்வரிசை, இப்போது கூடுதலாக விழாவுக்கு முன்பே பூங்காவிலும் கடற்கரையிலும் ‘அவுட்டோர்’ எடுக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் மணமக்களை நிறுத்தும் அதே நிலைகள், துணையில்லாமல் ஒரு குழந்தைக்கு. பிறகு அது ஃபிளெக்ஸாகித் தெருமுனையில் நிற்கும். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் பேனர் விழுந்து சுபஸ்ரீ என்ற இளம்பெண் இறந்த பிறகு கட்டுப்பாடுகள் இறுகினாலும், சந்துகளில் பழக்கம் ஓயவில்லை. படம் பிரமாதமாக இருக்கும். ஒளி, வண்ணம், அச்சு எல்லாம் உயர்தரம். அந்தப் பெண்ணிடம் கேட்டீர்களா என்பதுதான் யாரும் கேட்காதது. அவள் தன்னிடம் நடந்துகொண்டிருக்கும் ஒரு மாற்றத்தைக் கண்டு கூச்சத்தில் இருக்கும் வாரத்தில் ஊருக்கே அவள் முகம் காட்டப்படுகிறது. உறவுகளைக் கூட்டிப் பெண்ணைச் சீராட்டும் விழா என்று பெரியவர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை; சில பெண்கள் அதை ஆசையோடு நினைவுகூர்கிறார்கள். ஆனால் பையனுக்கு அந்த வயதில் அப்படி ஒரு படம் இல்லை என்பதும், அதை யாரும் குறையாக நினைப்பதில்லை என்பதும் படம் யாருக்காக என்பதைச் சொல்லிவிடுகின்றன.

இந்த மூன்றுக்கும் நடுவில் நாலாவதாக ஒன்று இருந்தது. இப்போது அநேகமாகப் போய்விட்டது. நண்பனோடு ஸ்டூடியோவுக்குப் போய், காசு கொடுத்து, ஆசைக்கு எடுத்துக்கொண்ட படம்.

புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஜோயி ஹெட்லி தலைமையில் ஒரு குழு, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணத் திட்டத்தின் உதவியோடு, தமிழகத்தின் பழைய ஸ்டூடியோ படங்களைத் தேடி மின்னுருவாக்கியது. 1880 முதல் 1980 வரை ஒரு நூற்றாண்டுப் படங்கள். ஸ்டூடியோக்கள் மூடும்போது கண்ணாடி நெகட்டிவ்கள் எடைக்கும் குப்பைக்கும் போய்க்கொண்டிருந்த நேரத்தில் நடந்த வேலை அது. அந்தக் காலப் படங்களின் இலக்கணம் நாம் பாட்டி வீட்டில் பார்த்ததுதான்: வரைந்த சீனரி, பூச்சாடி வைத்த மேசை, அதன்மேல் ஊன்றிய கை, சிரிக்காத முகம். ஆனால் எழுபது, எண்பதுகளுக்கு வரும்போது இன்னொன்று நுழைகிறது. கூலிங் கிளாஸ், எங்கும் இணைக்கப்படாத டெலிபோன், ஸ்டூடியோக்காரரின் கோட்டு, அட்டையில் வெட்டிய கார், சினிமாக்காரர் போல முழங்காலில் கை வைத்த நிலை. சேலம், மதுரை, சென்னை என்று எங்கே பார்த்தாலும் இளைஞர்கள் இப்படி நின்றிருக்கிறார்கள்.

மானுடவியலாளர் கிறிஸ்டஃபர் பின்னி மத்தியப் பிரதேசத்தின் நாக்தா என்ற ஆலை நகரில் இதைத்தான் ஆராய்ந்தார். ‘கேமரா இண்டிகா’ 1997-இல் வந்தது. அங்குள்ள சுஹாக் ஸ்டூடியோவின் சுரேஷ் பஞ்சாபி எடுத்த படங்களைப் பற்றி அவர்கள் இருவரும் சேர்ந்து செய்த புத்தகத்தை 2013-இல் நம் சென்னையின் தாரா புக்ஸ் வெளியிட்டது. பின்னி கண்டது மேற்கத்தியப் புகைப்பட நம்பிக்கைக்கு நேர் எதிரானது. ஒருவரின் உள்ளே இருக்கும் குணம் முகத்தில் வந்து நிற்கும், திறமையான கலைஞர் அதைப் பிடித்துவிடுவார் என்று நாக்தாக்காரர்கள் நம்பவில்லை. குணம் பழகித்தான் தெரியும். படத்தில் வருவது வெளித்தோற்றம். அப்படியானால் வெளித்தோற்றத்தோடு விளையாடுவதில் என்ன தடை? விவசாயி துப்பாக்கி பிடித்தார். ஒரே ஆள் இரண்டு பேராக ஒரே படத்தில் வந்தார். ஸ்டூடியோவின் நான்கு சுவருக்குள் அப்பா இல்லை, ஆலை இல்லை, வெளியே இருக்கிற தன் பெயரும் இல்லை.

ஆலைத் தெருக்கள் நிறைந்த நம் மேற்குப் புறநகருக்கும் இது பொருந்தும் என்பது என் எண்ணம். அம்பத்தூரில் 1949-இல் டி.ஐ. சைக்கிள்ஸ், 1960-களில் தொழிற்பேட்டை, ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை என்று வேலை தேடி வந்து குடியேறிய குடும்பங்களின் ஊர் இது. ஷிப்டு வேலை, வாடகை வீடு, ஒரே அறையில் அஞ்சு பேர். தனக்கென்று ஒரு மூலைகூட இல்லாத பையனுக்கு ஸ்டூடியோவின் கால் மணி நேரம் கிடைத்த தனியிடம். இன்றைக்கு அமெரிக்கப் பெற்றோர் பெருந்தொகை கொடுத்துத் தேடும் ‘சீனியர் போர்ட்ரெய்ட்’டின் உயிர், அந்தக் கூலிங் கிளாஸ் படத்தில் கூடுதலாகவே இருந்தது. என்னவாக இருக்கிறேன் என்பதை அது காட்டியிருக்காது. என்னவாக ஆசைப்படுகிறேன் என்பதைக் காட்டியது. பதினேழு வயதில் ஆசைதானே ஆளில் பெரும்பகுதி?

கைப்பேசி வந்து அந்தக் கால் மணி நேரத்தைத் தின்றது. ஊட்டியில் 1960-இல் அரசு நிறுவிய இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸின் ‘இந்து’ ஃபிலிமும் போனது, கோடாக் ரோலும் போனது. சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலையிலும் அதன் கிளைத் தெருக்களிலும் மிஞ்சியிருக்கும் ஸ்டூடியோக்கள் பாஸ்போர்ட் படம், ஜெராக்ஸ், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று பிழைக்கின்றன. பெரிய வருமானம் கல்யாண ஆர்டரில். ஆசைப்படம் செல்ஃபியாக மாறிவிட்டது.

செல்ஃபி பிள்ளையின் சொந்தப் படம்தானே, அதில் என்ன குறை என்று கேட்கலாம். ஒரு குறை தூரத்தின் கணக்கிலேயே இருக்கிறது. அமெரிக்க மருத்துவர் போரிஸ் பாஸ்கோவர் 2018-இல் வெளியிட்ட கணக்குப்படி, ஐந்தடி தூரத்தில் எடுத்த படத்தோடு ஒப்பிட்டால், ஓரடியில் எடுக்கும் செல்ஃபியில் மூக்கு சுமார் முப்பது சதவீதம் அகலமாகத் தெரிகிறது. தன் மூக்கு சரியில்லை என்று அழும் பிள்ளையின் பிரச்சினை சில சமயம் கை நீளம்தான். இன்னொன்று கண்ணாடிப் பழக்கம். 1977-இல் மீட்டா, டெர்மர், நைட் மூவரும் செய்த சோதனையில், பெண்கள் தங்கள் படத்தின் கண்ணாடிப் பிம்பத்தையே விரும்பினார்கள். அவர்களது தோழிகள் அசல் படத்தை விரும்பினார்கள். தன்னை இடம் வலம் மாற்றித்தான் அவரவருக்குத் தெரியும். ஆகவே நல்ல படத்தைக் காட்டினாலும் ‘இது நானில்லை’ என்று பிள்ளை முகம் சுளிப்பதில் நடிப்பு ஒன்றுமில்லை.

அதைவிடச் சிக்கலான ஒன்றை ஆஸ்திரேலியாவில் உளவியலாளர் டேவிட் வைட்டும் சகாக்களும் கண்டார்கள். தன்னைப்போலவே இருக்கும் படம் என்று ஒருவர் தானே தேர்ந்தெடுத்ததைவிட, முன்பின் தெரியாதவர் தேர்ந்தெடுத்த படமே அவரை அடையாளம் காணக் கூடுதலாக உதவியது. உளவியலாளர் ராப் ஜென்கின்ஸின் குழு 2011-இல் இரண்டே நபர்களின் நாற்பது படங்களைக் கலைத்துக் கொடுத்து, ஆள்வாரியாகப் பிரிக்கச் சொன்னது. அவர்களை அறியாதவர்கள் பிரித்த குவியல்களின் இடைநிலை எண்ணிக்கை ஏழரை. இரண்டு பேர் ஏழெட்டுப் பேராகிவிட்டார்கள். ஒரு முகத்துக்குள்ளேயே அவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, ஒரே படத்தில் ஒருவரின் ஆளுமையை அடைத்துவிட்டேன் என்று சொல்லும் புகைப்படக்காரர் விளம்பரம் செய்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும்.

முற்றிலும் கைவிடவும் தேவையில்லை. 2009-இல் லாரா நவ்மன், சாம் கோஸ்லிங் முதலியோர் மாணவர்களை முழு உருவமாக இரண்டு விதமாக எடுத்தார்கள்: கைகளைத் தொங்கவிட்டு முகத்தில் பாவமில்லாமல் ஒன்று, எப்படி வேண்டுமானாலும் நின்றுகொள் என்று ஒன்று. முதல் வகையைப் பார்த்த அந்நியர்கள் கலகலப்பானவரா, தன்மதிப்பு உள்ளவரா போன்ற ஓரிரண்டை மட்டும் சரியாக ஊகித்தார்கள். இரண்டாவதில் ஏறத்தாழ எல்லாக் குணங்களிலும் ஊகம் கூடியது. ஆள் நிற்கும் விதத்தை ஆளிடமே விட்டதும் படம் பேசுகிறது. குரூப் போட்டோவில் நழுவியவன் நினைவில் நிற்பதற்கும் இதுவே காரணம்.

நம்மூர்ப் படக்காரர்கள் தாண்ட வேண்டியது இன்னொன்று, நிறம். வெள்ளைச் சட்டைச் சீருடையில் கறுத்த முகத்தை எடுத்தால் கேமராவின் மீட்டர் சட்டைக்கு ஒளியைக் கணக்கிட்டு முகத்தை இருட்டாக்கிவிடும். முகத்துக்கு அளந்து எடுக்க வேண்டும், அல்லது பக்கத்தில் ஒரு தெர்மாகோல் பலகையைப் பிடித்து ஒளியைத் திருப்ப வேண்டும். கோளாறு ஃபிலிம் காலத்திலேயே தொடங்கியது. கோடாக் வண்ணச் சோதனைக்கு அனுப்பிய ‘ஷெர்லி’ அட்டைகளில் வெகுகாலம் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே இருந்தது. அந்தத் தோலுக்கு ஏற்றபடி வண்ணம் சரிபார்க்கப்பட்டது. கனடாவின் லோர்னா ரோத் இதை விரிவாக எழுதியிருக்கிறார். தொழில்நுட்பம் இப்போது மாறிக்கொண்டிருக்கிறது. ஆனால் கவுண்டரில் மாறவில்லை: ‘கொஞ்சம் கலராக்கிக் குடுங்கண்ணா’ என்று அம்மாவே கேட்கிறார், கேட்காவிட்டாலும் டச்சப்பில் இரண்டு ஷேடு வெளுத்துவிடுகிறது. கைப்பேசியின் அழகு ஃபில்டர் அதைக் கேட்காமலே செய்கிறது. பிள்ளையின் முகத்தை வெளுப்பாக்கி அச்சிட்டுக் கொடுக்கும் படம், அவர் இருப்பது போதாது என்று எழுதிக் கொடுத்த சான்றிதழ். சுபாவத்தைப் படம் பிடிப்பது பற்றிப் பேச வேண்டுமானால் முதலில் தோலை விட்டுவைக்க வேண்டும்.

சரி, ஸ்டூடியோவை விட்டு வெளியே போகலாம் என்றால் எங்கே? இந்த ஊரில் அது உண்மையான கேள்வி. மாசிலாமணீஸ்வரர் கோயிலும் அதன் குளமும் தெருக்களும்தான் முதலில் தோன்றும். சுந்தரர் பாடிய தலம், தொண்டைமான் மன்னனைப் பற்றிய தலக்கதையின் முல்லைக்கொடி, சன்னிதியின் எருக்கந்தூண்கள், சுவாமிக்கு முதுகு காட்டி வெளிப்பக்கம் பார்த்து நிற்கும் நந்தி என்று ஊரின் பெயரே அங்கிருந்து வருகிறது. ஆனால் 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசியைத் தடை செய்யச் சொன்னது. உள்ளே படம் எடுப்பது எளிதல்ல. ரயில் நிலையத்தில் தொழில்முறையாக எடுக்க அனுமதி வேண்டும். தண்டவாளத்தை நினைத்தும் பார்க்கக் கூடாது. ஆவடிப் பக்கம் திரும்பினால் நெடுஞ்சுவர்கள். கனரக வாகனத் தொழிற்சாலை, போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம், விமானப்படைத் தளம் எல்லாம் கேமராவைத் தூக்கினால் கேள்வி வரும் இடங்கள். மிஞ்சுவது பருத்திப்பட்டு ஏரிப் பூங்கா. அங்கே எல்லாரும் எடுக்கிறார்கள், எல்லாப் படமும் ஒன்று போலிருக்கிறது.

எனக்கு இந்தத் தட்டுப்பாடு நல்லதாகவே படுகிறது. அழகான இடம் கிடைக்காவிட்டால் பிள்ளையின் இடத்துக்குப் போக வேண்டிவரும். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல், காலை எட்டு மணிக்கு முன்னால். டியூஷன் வாசலில் சைக்கிள்கள். மகளிர் தொழிற்பேட்டையில் அம்மா வேலை பார்க்கும் பட்டறை, அல்லது அம்பத்தூரில் அப்பா லேத் ஓட்டும் இடம், முதலாளி சம்மதித்தால். அண்ணனின் டூவீலர் மேலே உட்கார்ந்து எடுக்கப் பையன் கேட்பான். பதினெட்டு ஆகாதவன் ஓட்டக்கூடாதே என்று படக்காரர் உபதேசம் செய்ய வேண்டாம், வண்டி நின்றுகொண்டுதான் இருக்கிறது. பெண்பிள்ளை தன் வீட்டு மாடியிலேயே நிற்கத் தயங்குவாள், எதிர் வீட்டு ஜன்னல் இருக்கிறது. தோழி ஒருத்தி கூட வந்தால் பாதி இறுக்கம் தளரும். அம்மா கீழே இருந்தால் மீதியும்.

வேலையின் நுணுக்கம் பெரிதாக ஒன்றுமில்லை. ஐந்தாறடி தள்ளி நிற்பது, 50 அல்லது 85 மில்லிமீட்டர் லென்ஸ், நிழலில் வரும் மென்மையான ஒளி, கண்ணில் ஃபோகஸ். கஷ்டமானது நேரம். முதல் இருபது நிமிடம் பிள்ளை கொடுப்பது இன்ஸ்டாகிராமில் பார்த்த நிலைகள். கன்னத்தில் கை, பாதி திரும்பிய முகம், விரலில் ‘வி’. அவற்றை எடுத்துத்தான் ஆக வேண்டும், அவையும் அந்த வயதின் ஆவணம். தீர்ந்தபின் ஒரு அலுப்பு வரும். அப்போது என்ன செய்வதென்று தெரியாமல் கைகள் தாமாக ஓரிடம் தேடும்.

டச்சுப் புகைப்படக் கலைஞர் ரினிகே டைக்ஸ்ட்ரா 1992 முதல் கடற்கரைகளில் எடுத்த விடலைகளின் படங்கள் முழுக்க அந்தக் கைகளைப் பற்றியவை. பெரிய கேமரா, முக்காலி, மெதுவான வேலை; நீச்சலுடையில், பின்னால் கடலைத் தவிர ஒன்றுமில்லாமல், எங்கே கை வைப்பதென்று தெரியாமல் நிற்கும் பிள்ளைகள். 1994-இல் நெதர்லாந்தின் அகதி முகாம் ஒன்றில் அவர் எடுத்த அல்மெரிசா என்ற பொஸ்னியச் சிறுமியை, அவள் தாயாகும்வரை ஆண்டுக்கணக்கில் மீண்டும் மீண்டும் எடுத்தார். ஒரு படத்தில் முடியாதது வரிசையில் முடிகிறது. அந்த முறையை அப்படியே இங்கே இறக்க முடியாது. நீச்சலுடையை விடுங்கள், நிலைகுலைந்து நிற்கும் கணத்தைக் கலை என்று காட்சிக்கு வைப்பதை ஒரு திருமுல்லைவாயில் பெற்றோர் ஏற்கமாட்டார், பிள்ளையும் ஏற்காது. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

அமெரிக்கக் கலைஞர் தாவூத் பே செய்தது நமக்கு நெருக்கம். பல ஊர்ப் பள்ளிகளில் வகுப்பறைக்குள்ளேயே மாணவர்களை ஒருவர் ஒருவராக உட்காரவைத்து எடுத்தார். ஒவ்வொருவரையும் தன்னைப் பற்றி எழுதச் சொன்னார். படமும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில், 2007-இல் ‘கிளாஸ் பிக்சர்ஸ்’ என்ற புத்தகமானது. அமைதியான முகத்துக்குப் பக்கத்தில் எதிர்பாராத வாக்கியம் இருக்கும். முகத்தை மறுபடி பார்க்க வேண்டிவரும். நம் பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. ஆட்டோகிராஃப் நோட்டும் ஸ்லாம் புக்கும் இதைத்தான் செய்தன, படம் மட்டும் ஸ்டாம்ப் சைஸில் ஒட்டியிருந்தது. கேமராவைப் பிள்ளைகள் கையிலேயே கொடுத்துவிடும் வழியும் இங்கே நடந்திருக்கிறது. புகைப்படக் கலைஞர் எம். பழனிக்குமார் வட சென்னை மாணவர்களுக்குப் புகைப்படம் கற்றுக்கொடுத்து, அவர்கள் தங்கள் பகுதியை எடுத்த படங்கள் காட்சிக்கு வந்தன. தங்கள் முகத்தைக் காட்டாமலே, எதைப் பார்க்கிறோம் என்பதால் அந்தப் பிள்ளைகள் தங்களைக் காட்டிவிட்டார்கள். மேற்குப் புறநகரின் எந்தப் பள்ளியும் இதைத் தொடங்க முடியும். தேவை நான்கைந்து பழைய கேமராக்களும் சனிக்கிழமைகளும்.

ஸ்டூடியோக்காரருக்கும் இதில் பிழைப்பு உண்டு. பொதுத்தேர்வு முடிந்து ஏப்ரலில் பிள்ளைகள் கையில் நேரம் இருக்கிறது, முகூர்த்தமில்லாத நாட்களில் ஸ்டூடியோவும் காலி. பாஸ்போர்ட் படத்துக்கு வரும் பிள்ளையிடம் இன்னும் கால் மணி நேரம் இருந்து ஆசைக்கு ஒன்று எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். டச்சப் வேண்டாம், பிள்ளை ஒன்று தேர்ந்தெடுக்கட்டும், கூட வந்த நண்பன் ஒன்று தேர்ந்தெடுக்கட்டும், இரண்டையும் அச்சிட்டுக் கொடுக்கலாம். தன் தேர்வு மட்டும் போதாது என்பதுதானே வைட்டின் ஆய்வும் சொல்வது.

தீராமல் நிற்பது அனுமதி. மாநில அளவில் ரேங்க் அறிவிப்பதை அரசு 2017-இல் நிறுத்தியது. ஆனாலும் மே மாதம் வந்தால் பள்ளி மதில்களில் மதிப்பெண்ணோடு முகங்கள் வரிசையாக ஏறிவிடுகின்றன, சேர்க்கை விளம்பரமாக. ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த அதே படம், பின்னணி மட்டும் மாறியிருக்கும். 2023-இல் நிறைவேறிய மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கக்கூடிய ஒப்புதல் வேண்டும் என்கிறது. இணையத்தில் பள்ளி ஏற்றும் முகமும் தரவுதான். பிள்ளை வேண்டாம் என்றும் அப்பா சரி என்றும் சொன்னால் சட்டப்படி அப்பா சொன்னது நடக்கும். மார்ச்சில் தேர்வு எழுதும்போது பதினேழாக இருப்பவர்களில் பலர் கல்லூரி வாசலுக்குப் போவதற்குள் பதினெட்டைத் தொட்டுவிடுகிறார்கள். அதற்குப் பிறகு தன் படத்தை அகற்றக் கேட்கும் உரிமை அவர்களுடையது. அந்த வயதில் பள்ளிக்குத் திரும்பிப் போய், அலுவலக அறையில் நின்று, என் படத்தை எடுத்துவிடுங்கள் சார் என்று எத்தனை பேர் கேட்பார்கள் என்பது வேறு விஷயம்.